ரயில் வராத ஸ்டேஷனில் ஒரு பாட்டு

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 16:19-34

  

இந்த முறை செய்தியை ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்க வேண்டியதாயிருக்கிறது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆவியானவர் விடவில்லை.

போன வருஷம் ஒரு கிராமத்தில் இரண்டு நாள் எழுப்புதல் கூட்டம். நம்முடைய சபைப் பாட்டுக் குழுவை அழைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். மத்தியானம் ஒரு மணிக்கே வேன் பிடித்துக் கிளம்பிவிட்டோம். மேலே டிரம் செட், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டிகள். உள்ளே பதினோரு பேர். கோவில்பட்டி தாண்டினதும் பின் டயர் பஞ்சர். சரி, ஸ்டெப்னியை மாட்டலாம் என்று எடுத்தால் அதிலும் காற்று இல்லை! டிரைவர் தம்பி ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போனார். போனவர் வர இரண்டு மணி நேரம். அதற்குள் கீபோர்டு வாசிக்கிற தம்பி மெதுவாக வந்து, "ஐயா, அடாப்டரை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றான்.

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! ரோட்டோரம் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்கும்படி அந்தப் பையனைத் திட்டினேன். திரும்பி வந்த டிரைவரையும் திட்டினேன். டீக்கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து, "நீங்கள்லாம் பாடுற ஆளுங்களா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. அப்போது நம்முடைய குழுவில் சின்னவன், ஒன்பதாவது படிக்கிற பையன், "ஐயா, வேன் சரியாகிற வரைக்கும் இங்கேயே ஒரு பாட்டு பாடலாமா?" என்று கேட்டான். நான் சொன்ன பதில் இதுதான்: "சும்மா இருடா, நேரங்காலம் தெரியாம."

ஒன்பது மணிக்குக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாடினோம். ஜனங்கள் நன்றாக இருந்தது என்றார்கள். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரியமானவர்களே, மேடையில் அல்லேலூயா என்று கை உயர்த்தின அதே வாய்தானே ரோட்டில் அப்படிப் பேசினது?

வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் கேள்விப்பட்ட ஒரு பாடகர் குழு அந்த ராத்திரியில் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களுடைய சரித்திரத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கையில் ஒன்றுமில்லாமல் புறப்பட்டவர்கள்

அமெரிக்க தேசத்தில் உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. அடிமைத்தனமும் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த வருஷம், 1866 ஜனவரியில், டென்னஸி மாநிலத்து நாஷ்வில் பட்டணத்தில், விடுதலையான கறுப்பின ஜனங்கள் படிப்பதற்கென்று மிஷனெரிமார் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். அதன் பெயர் ஃபிஸ்க். ராணுவ ஆஸ்பத்திரியாயிருந்த பழைய மரக் கொட்டகைகள்தான் கட்டிடம். அஞ்சு வருஷத்துக்குள் கொட்டகை இற்றுப்போனது, கடன் ஏறிப்போனது. பள்ளியை மூடிவிடலாம் என்கிற நிலைமை.

அங்கே ஜார்ஜ் ஒயிட் என்று ஒரு வெள்ளைக்கார ஊழியர். பொருளாளர் அவர்தான், பாட்டு வாத்தியாரும் அவர்தான். நன்றாகப் பாடுகிற மாணவர் ஒன்பது பேரைச் சேர்த்து, ஊர் ஊராகப் போய்ப் பாடி காணிக்கை சேர்த்துப் பள்ளியைக் காப்பாற்றலாம் என்று அவருக்கு ஒரு பாரம். பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1871 அக்டோபர் 6-ம் தேதி, கஜானாவில் மிச்சமிருந்த சொற்பப் பணத்தை எடுத்துக்கொண்டு, குளிருக்குச் சரியான உடுப்பும் இல்லாமல், அவர்கள் ரயில் ஏறினார்கள். ஒன்பது பேரில் பெரும்பாலானவர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். எல்லாரிலும் சின்னவளான மின்னி டேட்டுக்கு வயது பதினான்குதான்.

பியானோ வாசித்தவர் எல்லா ஷெப்பர்டு என்கிற இருபது வயதுப் பெண். அவரும் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாயிருந்தபோது, அடிமை வாழ்வின் கொடுமை தாங்காமல் அவருடைய தாயார் பிள்ளையோடு ஆற்றில் விழுந்து சாகப் போனார்களாம். ஒரு வயதான அடிமை அம்மா வழிமறித்து, இந்தக் குழந்தையைக் கொண்டு கர்த்தருக்கு ஒரு வேலை இருக்கிறது, இவள் ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும் முன்பாக நிற்பாள் என்று சொல்லித் தடுத்தார்களாம். ஷெப்பர்டு சகோதரி தாமே பின்னாளில் இதைச் சாட்சியாகச் சொன்னார்கள். தகப்பனார் பணம் கொடுத்து மகளை மீட்டார். ஆனால் தாயும் மகளும் பிரிக்கப்பட்டார்கள். வளர்ந்தபின் ஃபிஸ்க் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது கையிலிருந்தது ஆறு டாலர். அது மூன்று வாரத்துக்குத்தான் காணும் என்றார்கள். "அஞ்சாதே, புறப்படு" என்று கர்த்தர் சொன்னால் பர்ஸைப் பார்த்துக்கொண்டா நிற்பது?

சத்திரத்தில் இடமில்லை

ஒஹையோ மாநிலத்தில் பாட ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில்தான் சிகாகோ பட்டணம் தீப்பிடித்து எரிந்தது. ஆயிரமாயிரம் பேர் வீடிழந்தார்கள். நம்முடைய பாடகர்கள் பயணத்தின் தொடக்கத்தில் வாங்கின காணிக்கை ஐம்பது டாலரைக்கூட எட்டவில்லை. ரயிலுக்குப் பணம் வேண்டும், சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பணத்தை அப்படியே சிகாகோவில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்! சாறிபாத் விதவையின் கடைசிப் பிடி மாவு உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

சில்லிக்காத்தி என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் அறை கேட்டார்கள். கறுப்பர்களுக்கு இடமில்லை என்றார்கள். அடுத்த ஹோட்டலிலும் அதே பதில். மூன்றாவது ஹோட்டல்காரர் மாத்திரம் மனமிரங்கித் தம்முடைய சொந்தப் படுக்கையறையைக் கொடுத்தார். அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: மற்றவர்கள் சாப்பிட வருமுன்னே நீங்கள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

அதற்கப்புறம் நியூவார்க் பட்டணம். அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப்போல நடித்துக் கேலி செய்கிற நாடகக் குழுக்கள் உண்டு. வந்தவர்கள் அப்படிப்பட்ட குழு என்று நினைத்து அறை கொடுத்த ஒரு விடுதிக்காரர், இவர்கள் நிஜமாகவே கறுப்பர்கள் என்று தெரிந்ததும் வெளியே துரத்திவிட்டார். பாருங்க, கரி பூசினவனுக்குக் கட்டில் உண்டு. கர்த்தர் படைத்த நிறத்துக்குக் கட்டில் இல்லை! ஆனால் அந்த அவமானம் ஊருக்குள் பேச்சாகி, அந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட்டன. ஒரு ராத்திரி இவர்களுக்குக் கதவு அடைபட்டது. அதனாலே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது.

தேவபிள்ளையே, லூக்கா 2-ம் அதிகாரத்தில் நம்முடைய ஆண்டவருக்கே சத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதிருங்கள். இந்தக் கதவை அடைத்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற ஊரார்தானே? வெளியூரிலிருந்து ஒரு ஊழியக் குழு வரும்போது யாரை எந்த வீட்டில் தங்கவைப்பது என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பேச்சில் மெல்லிய குரலில் சாதி கேட்கப்படுகிறதா இல்லையா? தட்டு வேறே, டம்ளர் வேறே என்கிற எண்ணம் எந்த மூலையிலாவது ஒளிந்திருந்தால், இன்றைக்கே அதைச் சிலுவையடியில் போட்டுவிட வேண்டும்.

ரயில் வராத ஸ்டேஷன்

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இந்தக் குழுவின் ஆரம்ப நாட்களில் நடந்ததை ஷெப்பர்டு சகோதரி பின்னாளில் எழுதிவைத்தார்கள்.

ஒரு ஸ்டேஷனில் ரயில் தாமதம். காத்துக்கொண்டிருக்கிறார்கள். பொழுது சாய்கிறது. கறுப்பினப் பிள்ளைகளோடு ஒரு வெள்ளைக்காரர் நிற்பதைக் கண்டு ஒரு கூட்டம் கூடிவிட்டது. கேலி, வசை, மிரட்டல். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கூட்டம் எதுவும் செய்யக்கூடிய கூட்டம். ஓடவும் இடமில்லை, கேட்கவும் ஆளில்லை.

ஒயிட் ஐயா என்ன செய்தார்? பிள்ளைகளைத் தண்டவாளத்தின் பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, பாடுங்கள் என்றார். பயத்தோடே பாடினார்கள். பரம வீட்டின் இளைப்பாறுதலைப் பற்றின ஒரு பாட்டு. கொஞ்ச நேரத்தில் கூச்சல் குறைந்தது. ஒவ்வொருவராகப் பின்வாங்கிப் போனார்கள். கடைசியில் கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் மாத்திரம் நின்றான். அவனும் தொப்பியைக் கழற்றினான். இருட்டிக்கொண்டு வருகிறது. பாட்டு முடிகிற நேரம் தூரத்தில் ரயில் இன்ஜினின் விளக்கு தெரிந்தது. ஜீவன் தப்பினது என்று அறிந்துகொண்டார்கள். ஆனால் அந்த மனுஷன், கண்ணீர் வடிய, அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடுங்கள் என்று கெஞ்சினான். பாடினார்கள். ரயில் மெதுவாக அவனைக் கடந்து போகையில், அந்தப் பாட்டின் வார்த்தைகளை அவன் தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்ததை ஷெப்பர்டு சகோதரி கேட்டார்களாம்.

அல்லேலூயா! யாரும் அந்தப் பாட்டுக்கு டிக்கெட் வாங்கவில்லை. நோட்டீஸ் அடிக்கவில்லை, மைக் இல்லை. அந்த ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் அந்த மனுஷன் அதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

அப்போஸ்தலர் 16-ஐத் திறந்து பாருங்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துக்குச் சிறைச்சாலை ஊழியம் செய்யவா போனார்கள்? போன வழியில் பிடிபட்டார்கள். முதுகெல்லாம் காயம், கால் தொழுமரத்தில். நடுராத்திரியில் பாடினார்கள். லூக்கா அங்கே ஒரு சின்ன விஷயத்தை விடாமல் எழுதுகிறார்: மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். நம்முடைய பயணம் தடைபடும்போது யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது டீக்கடைக்கார அம்மா. அவர்கள் கேட்டது என் பாட்டை அல்ல, என் கோபத்தை.

பாட வெட்கப்பட்ட பாட்டு

ஒஹையோவில் கூட்டம் சேரவில்லை, காணிக்கை செலவுக்கே எட்டவில்லை. கொலம்பஸ் பட்டணத்தில் எல்லாரும் சோர்ந்துபோனார்கள். ஒயிட் ஐயா ராத்திரி முழுவதும் ஜெபித்தார். காலையில் வந்து, குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்றார்: ஜூபிலி பாடகர்கள். லேவியராகமம் 25-ல் வாசிக்கிறோமே, அடிமைகள் விடுதலையாகித் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற யூபிலி வருஷம், அந்தப் பெயர்தான். பணம் வரவில்லை, பெயர் வந்தது. சில நேரம் கர்த்தர் நமக்குத் தேவையானதைத் தருமுன்னே நாம் யார் என்று ஞாபகப்படுத்துகிறார்.

இன்னொரு காரியமும் நடந்தது. ஆரம்பத்தில் அவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் சபைகளில் பாடுகிற பாட்டுகளையும் மேடைப் பாட்டுகளையுமே பாடினார்கள். தங்கள் அப்பா அம்மா பருத்திக் காட்டில் கண்ணீரோடு பாடின பாட்டுகளை வெளியே பாட மனமில்லை. அவை அடிமை நாட்களின் இருட்டை ஞாபகப்படுத்தின. பெற்றோருக்கு அவை பரிசுத்தமானவை, ஊரார் முன்னே எடுத்துக் காட்டுகிற சரக்கு அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள்ளேதான் பாடுவார்கள். பாபிலோனில் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்ட சிறைக்கைதிகளை 137-ம் சங்கீதத்தில் பார்க்கிறோம். அதே வேதனைதான்.

1871 நவம்பரில் ஓபர்லின் என்கிற ஊரில் சபைப் போதகர்களின் தேசிய மாநாடு. இடைவேளையில் பாட இவர்களுக்கு அனுமதி கிடைத்தது. போதகர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய குரலில் அடிமைகளின் பாட்டு ஒன்று எழும்பியது. பேச்சு நின்றது. சபை அமைதலானது. அங்கிருந்துதான் வாசல் திறந்தது. டிசம்பரில் புரூக்லினில் ஹென்றி வார்டு பீச்சர் என்ற பிரசங்கியாரின் சபையில் பாடினார்கள். 1872-ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிராண்டுக்கு முன்பாகப் பாடினார்கள். அந்த முதல் பயணத்தில் மாத்திரம் இருபதாயிரம் டாலர் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார்கள். கர்த்தர் பயன்படுத்தினது அவர்கள் ஒளித்து வைத்திருந்த பாட்டைத்தான். உன்னுடைய கண்ணீரின் சாட்சியை நீ எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய், மகனே, மகளே?

ராணிக்கு முன்பாக

1873-ல் இங்கிலாந்துக்குப் போகக் கப்பல் தேடினார்கள். அங்கேயும் அதே கதைதான். ஒரு கம்பெனிக்குப் பின் ஒரு கம்பெனி, இவர்களுக்கு நல்ல அறை தர மறுத்தது. கடைசியில் குனார்டு கம்பெனியின் 'பட்டேவியா' கப்பல் ஏற்றிக்கொண்டது. அந்த வருஷம் மே மாதம் விக்டோரியா மகாராணிக்கு முன்பாக நின்று பாடினார்கள். ஆற்றங்கரையில் அந்த வயதான அம்மா சொன்ன வார்த்தை தரையிலே விழவில்லை! அதே பயணத்தில் மூடி பிரசங்கியாரின் எழுப்புதல் கூட்டங்களிலும் பாடினார்கள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தில் ஒயிட் ஐயாவின் மனைவி இறந்துபோனார்கள். பாடகர்களில் சிலர் ஓயாத பயணத்தால் உடம்பு கெட்டுப்போனார்கள். ஊழியத்தின் பாதையில் கல்லறைகளும் உண்டு, பிரியமானவர்களே. அதை மறைத்துப் பிரசங்கிப்பது உண்மையல்ல. ஆனால் 1876 ஜனவரி 1-ம் தேதி நாஷ்வில்லில் ஜூபிலி மண்டபம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாட்டால் கட்டின கட்டிடம்! இன்றைக்கும் நிற்கிறது. அக்டோபர் 6-ம் தேதியை ஃபிஸ்க் வருஷந்தோறும் ஜூபிலி நாளாக ஆசரிக்கிறது. அந்தக் குழு இன்றும் பாடுகிறது. 2021-ல் அவர்களுடைய இசைத்தட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. ஷெப்பர்டு சகோதரியோ, பிரிந்துபோன தம் தாயாரைக் கண்டுபிடித்து நாஷ்வில்லுக்கே அழைத்து வந்து தம்மோடு வைத்துக்கொண்டார்கள்.

நமக்கு என்ன?

1. தாமதமும் ஊழியமே. அப்போஸ்தலர் 27-ல் பவுல் பதினாலு நாள் புயலில் அகப்பட்டார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்தார். ரோமாபுரி போய்ச் சேர்ந்தபின் பிரசங்கிக்கலாம் என்று காத்திருக்கவில்லை.

2. வழியில் நாம் எப்படியோ, அதுதான் நாம். மேடையில் எல்லாரும் பரிசுத்தவான்கள்தான். பஞ்சரான வேன் பக்கத்தில் நிற்கும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

3. சின்னவன் சொல்வதைக் கேள். அன்றைக்கு ஒயிட் ஐயா செய்ததைத்தான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் எனக்குச் சொன்னான். டிப்ளமா படித்த எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் முடிந்து ஊர் திரும்பின ஞாயிற்றுக்கிழமை, கீபோர்டு தம்பியிடமும் அந்தச் சின்னவனிடமும் டிரைவர் தம்பியிடமும் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல ஐயா" என்றான். இரண்டு மாதம் கழித்து அந்த ரோட்டில் போகும்போது டீக்கடையைத் தேடினேன். ரோடு அகலமாக்குகிற வேலைக்காகக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அந்த அம்மா எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. "நீங்கள்லாம் பாடுற ஆளுங்களா?" என்று கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் நம்முடைய குழு மறுபடியும் வெளியூர் போகிறது. அடாப்டரைச் சரிபார்ப்போம், ஸ்டெப்னியில் காற்றும் பார்ப்போம். அதற்கு மேலும் வண்டி நின்றால், இறங்கிப் பாடுவோம்.

ஜெபம்: அன்புள்ள தகப்பனே, எங்கள் திட்டங்கள் நின்றுபோகிற இடத்தில் எங்கள் வாயில் கோபம் அல்ல, துதி இருக்கட்டும். எங்களுக்காக ஒரு கதவு அடைபட்டால் சோர்ந்துபோகாதபடிக்கும், நாங்கள் யாருக்கும் கதவை அடைக்காதபடிக்கும் காத்துக்கொள்ளும். கேட்டுக்கொண்டிருக்கிற காதுகளை எங்களுக்குக் காண்பியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.